ஸ்டீராய்டு களிம்பு தோலின் மேலோடு நிற்பதில்லை

"களிம்புதானே, மேலே மட்டும் வேலை செய்யும், எத்தனை மாதம் வேண்டுமானாலும் தடவலாம்" என்று பலர் நினைப்பது தவறு. ஸ்டீராய்டு மூலக்கூறு கொழுப்பில் கரையும்; செல் சவ்வைக் கடந்து உள்ளே போய் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியோடு (ஸ்டீராய்டைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) சேர்கிறது. அந்த ஜோடி உட்கருவுக்குள் நுழைந்து அழற்சி மரபணுக்களை அடக்குகிறது. அரிப்பு நிற்பது இதனால்தான். ஆனால் அதே ஏற்பி, தோலுக்கு உறுதி தரும் கொலாஜனை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லிலும் இருக்கிறது. அங்கே கொலாஜன் உற்பத்தி குறைகிறது. தோல் மெலிவதும், வரிகள் விழுவதும் அப்படித்தான். விழுந்த வரிகள் மறைவதில்லை.

இடமும் முக்கியம். முன்கையில் உறிஞ்சப்படுவதைப் போல நெற்றியில் சுமார் 6 மடங்கு, விதைப்பையில் சுமார் 40 மடங்கு. ஆகவே உள்ளங்கைக்கு எழுதிக் கொடுத்த குளோபெட்டசாலை (மிக வலுவான ஸ்டீராய்டு களிம்பு) முகம் 'வெள்ளையாக' வேண்டும் என்று தடவினால் பரு, சிவப்பு, நிறுத்தியதும் எரிச்சல்.

குளோபெட்டசால் 0.05%: பெரியவருக்கு வாரம் 50 கிராமுக்கு மிகாமல், தொடர்ந்து 2 வாரம் வரை. விரல் நுனி அளவு (ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு), அதாவது சுமார் அரை கிராம், விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். படர்தாமரையில் தடவவே கூடாது. அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.