கடிகாரத்த விடுங்க, ஸ்கூல் மணியத் தள்ளி வைங்க

லண்டன்ல இருக்கிற தங்கச்சி அக்டோபர் கடைசில போன் பண்ணா, "அக்கா, நாளையிலேர்ந்து உங்களுக்கும் எங்களுக்கும் ஏழு மணி நேர வித்தியாசம் இல்ல, எட்டு, இங்க நேரம் மாத்துறாங்க, பிள்ளைங்க தூக்கமே கெட்டுப்போகுது, உங்க மலேசியாவுல இந்தத் தொல்லையே இல்ல"ன்னு. எனக்குப் பொறுக்கல. அவங்களாவது குளிர்காலத்துல திருப்பி வைக்கிறாங்க, நாம முன்னால தள்ளினத திருப்பவே இல்லையே.

பினாங்கு இருக்கிறது தீர்க்கரேகை 100 டிகிரி பக்கம், நம்ம கடிகாரம் ஓடுறது 120 டிகிரிக்கு, டிகிரிக்கு நாலு நிமிஷம்னா 80 நிமிஷம் சூரியனுக்கு முன்னாடி ஓடிக்கிட்டிருக்கோம். பிப்ரவரில இங்க உச்சி வெயில் மணி ஒன்றரைக்கு. சூரியன் வர்றதே ஏழரை தாண்டி. ஏழரைக்கு ஸ்கூல் மணி அடிச்சிடும், என் சின்னவ ஆறு மணிக்கு கும்மிருட்டுல பஸ்ஸுக்கு நிக்கிறா, ஏறினதும் ஜன்னல்ல தலைய சாய்ச்சுத் தூங்கிடுறா.

இது ஒரே நாள்ல வந்ததில்ல. 1933ல டேலைட் சேவிங், அதாவது பகல் வெளிச்சத்த மிச்சப்படுத்துறோம்னு சொல்லி 20 நிமிஷம் தள்ளினாங்க, 1941ல இன்னும் 10 நிமிஷம், ஜப்பான்காரன் வந்து தோக்கியோ நேரத்தையே வச்சான், அவன் போனதும் பழையபடி கிரீன்விச் நேரத்துக்கு ஏழரை மணி நேரம் முன்னாலங்கிற கணக்கு. அப்புறம் 1982 ஜனவரி 1, கிழக்கு மலேசியாவுல இருக்கிற சபா சரவாக்கோட ஒரே நேரமா இருக்கணும்னு இன்னொரு அரை மணி. தாத்தா அப்ப கெடாவுல ஒரு ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டிக்கிட்டிருந்தாரு. கித்தா மரத்துக்கு, அதான் ரப்பர் மரத்துக்கு, கடிகாரமா தெரியும், விடியக்காலை குளிர்ச்சியிலதான் பால் நல்லா வடியும், ஆனா பெரட்டு மணி, அதாவது காலைல ஆளுங்கள வரிசையா நிறுத்திப் பேர் கூப்பிடுற மணி, கடிகாரப்படிதான், அதனால இன்னும் அரை மணி இருட்டுல எழும்பினோம்னு சாகுற வரைக்கும் சொல்லுவாரு.

கடிகாரத்த மறுபடி மாத்துங்கன்னு நான் கேக்கல. சிங்கப்பூர், சபா, சரவாக் எல்லாம் ஒரே நேரத்துல இருக்கிறது நல்லதுதான், அதுவும் நம்ம ஊர்ல வருஷம் முழுக்க பகல் நீளம் முக்கால் மணி நேரம்கூட மாறாது, ஐரோப்பா மாதிரி ரெண்டு தடவ திருப்ப இங்க அவசியமே இல்ல. பாடத்த மட்டும் எட்டேகாலுக்கு ஆரம்பிங்க. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில காலை ஷிஃப்ட் போற அம்மாமாருங்க என்ன பண்ணுவாங்கன்னு கேக்குறது நியாயமான கேள்வி, நானும் அந்த ஷிஃப்ட் பாத்தவதான். ஸ்கூல் கேட்டை சீக்கிரமே திறந்து வைங்க, கேண்டீன்ல பிள்ளைங்க உக்காந்து பசியாறட்டும்.

அடுத்த பி.ஐ.பி.ஜி (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டத்துல இத எழுதியே குடுக்கப் போறேன், கையெழுத்துப் போட வர்றவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க.