பார்பலுக்கு இரை உருட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: குண்டைக் கழற்றுங்கள்

இங்கிலாந்து ஆறுகளில், ஆற்றடியில் இரையை உருட்டிப் பார்பல் மீன் பிடிக்கிறேன் என்று சொல்லும் பலர் உருட்டுவது குண்டைத்தான். தூண்டில் நரம்பில் 10 கிராமோ 15 கிராமோ எடைக்கு ஒரு குண்டு, அதிலிருந்து ஒன்றரை அடி தள்ளி முள், முள்ளில் இரை. குண்டு கல்லில் இடித்து இடித்துப் போகிறது, இரை கயிற்றில் கட்டிய கன்று மாதிரி பின்னால் இழுபடுகிறது. குண்டு கல்லிடுக்கில் மாட்டினால் இரை ஓட்டத்தில் நின்று ஆடுகிறது, குண்டு விடுபட்டால் வெடுக்கென்று பாய்கிறது. ஆற்றில் இயல்பாக மிதந்து வரும் எந்தத் தீனியும் அப்படி நடந்துகொள்ளாது. வாரம் முழுக்கத் தூண்டில் பார்க்கும் ஆற்றில் வளர்ந்த பார்பலுக்கு அது நன்றாகவே தெரியும்.

பார்பலை அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். கெண்டைக் குடும்பத்து மீன். கேழ்வரகு உருண்டை போட்டு மகசீர் பிடித்த காவிரிக் கரைக்காரர்களுக்கு இது மகசீருக்குத் தூரத்து உறவு என்றால் உடனே புரியும். மேலுதட்டில் நாலு மீசை, கீழ்நோக்கிய வாய், தட்டையான வயிறு. வேகமான நீரில் சரளைத் தரையோடு ஒட்டி நிற்பதற்கென்றே செய்த உடம்பு. இங்கிலாந்தில் தேம்ஸ், டிரென்ட், யார்க்‌ஷயர் ஆறுகள் என்று கிழக்கே பாயும் ஆறுகள்தான் இதன் சொந்த வீடு. பனியுகக் காலத்தில் பிரிட்டன் ஐரோப்பாவோடு நிலத்தால் இணைந்து, தேம்ஸ் ரைன் ஆற்றோடு சேர்ந்து ஓடியபோது வந்து தங்கிய மீன் இது. இன்று பேர்பெற்ற செவர்ன் ஆற்றுக்கு 1956-இல்தான் கென்னட் ஆற்றிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள்.

இப்போது நீருக்கு அடியில் நடப்பதைப் பார்ப்போம். கல்லும் சரளையும் உராய்ந்து பிடிப்பதால் தரையை ஒட்டிய ஓரிரு அங்குலத்தில் நீரின் வேகம் மேல்மட்டத்தைவிட வெகுவாகக் குறைவு. முழங்கால் அளவு தெளிந்த நீரில் நின்று, முள் இல்லாமல் ஒரு இறைச்சித் துண்டைக் காலடியில் போட்டுப் பாருங்கள். இரண்டு புரள் புரளும். ஒரு கூழாங்கல்லின் பின்னால் போய் நிற்கும். நின்ற இடத்தில் லேசாக ஆடும், விளிம்பில் ஒரு பக்கம் தூக்கும், கல்லைச் சுற்றிக்கொண்டு வந்து அடுத்த பள்ளத்தில் இறங்கும். அங்கே கொஞ்ச நேரம் இருக்கும். பிறகு எதுவுமே நடக்காதது போல மறுபடி கிளம்பும். அந்தப் பள்ளங்கள்தான் பார்பல் மூக்கை வைத்திருக்கும் இடங்கள். இந்த நடையை, முள்ளும் நரம்பும் இருக்கும்போதும் இரைக்குக் கெடாமல் கொடுப்பதுதான் மொத்த வித்தை.

எடை வேண்டுமானால் முள்ளிலேயே இருக்கட்டும். முள்ளின் கண்ணுக்குக் கீழே தண்டைச் சுற்றி டங்ஸ்டன் பசையைப் பிசைந்து ஒட்டி, விரலால் உருட்டிப் புகையிலைச் சுருட்டு மாதிரி இரு முனையும் கூராக்குங்கள். கைச்சூட்டில் இளகும், ஆற்றுக் குளிரில் இறுகிவிடும். அரை கிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் 1, 2 கிராம் வரை போகலாம். இரை தொட்ட இடத்திலெல்லாம் படுத்துக்கொண்டால் எடை அதிகம். தரை தட்டுவதே கைக்குத் தெரியவில்லை என்றால் எடை போதாது. ஒரே ஓட்டத்தில் மேல்பகுதிக்கு ஒரு எடையும் கீழ்ப்பகுதிக்கு ஒரு எடையும் தேவைப்படுவது சாதாரணம். மாற்றச் சோம்பல்படக் கூடாது, கிள்ளிப் போடவும் ஒட்டவும் பத்து விநாடிதான்.

பழைய ஆட்கள் முள் தண்டில் ஈயக்கம்பி சுற்றச் சொல்வார்கள். பிரிட்டனில் அதைச் செய்யாதீர்கள். 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட ஈயக்குண்டுகளைத் தூண்டிலுக்கு விற்பது 1987-இலிருந்தே தடை, பயன்படுத்தவும் கூடாது. அன்னங்கள் அரைவைக்காகச் சிறு கல் விழுங்கும் பறவைகள். கரையோரம் சிந்திய ஈயத்தையும் கல்லென்று விழுங்கிச் செத்துக்கொண்டிருந்தன. சரியான தடை, சரியான காரணம். டங்ஸ்டனோ செப்புக் கம்பியோ அதே வேலையைச் செய்யும்.

இரைக்கு டின்னில் வரும் லஞ்சன் மீட் என்ற பதப்படுத்திய இறைச்சி போதும். 340 கிராம் டின் ஒன்றில் 2 செ.மீ. துண்டுகள் ஏறத்தாழ 40 கிடைக்கும். நீர் குறைந்து தெளிந்திருந்தால் ஒன்றரை செ.மீ., கலங்கியிருந்தால் 3 செ.மீ. வாங்கிய உடனே செய்ய வேண்டியது, ஒரு வாளித் தண்ணீரில் ஒரு துண்டைப் போட்டுப் பார்ப்பது. கொழுப்பு அதிகமான வகைகள் மிதக்கும், சில அரைகுறையாகத் தொங்கும், சில நேராக மூழ்கும். மெதுவாக மூழ்குவதே உருட்டலுக்கு ஏற்றது. மிதக்கும் வகையை எடை ஏற்றி மூழ்கடித்தால் முள் தரையிலும் இரை மேலேயும் நிமிர்ந்து நிற்கும், உருளாது. டின்னைக் குளிர்பெட்டியில் வைத்துக் கெட்டியாகவே கொண்டுபோங்கள். ஆகஸ்ட் வெயிலில் பையில் கிடந்து இளகிய இறைச்சி எறியும்போதே முள்ளை விட்டுப் பறந்துவிடும். கத்தியால் வெட்டிய கனச்சதுரத்தைவிடக் கையால் பிய்த்த துண்டு எனக்கு உசத்தி. ஓரங்களிலிருந்து துகள் உதிர்ந்து மணம் பரவும். ஆனால் பிய்க்கும்போது ஒரு பக்கம் நீண்டுவிட்டால் அது காற்றாடி மாதிரி சுழலும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முள் 4 அல்லது 6-ஆம் எண், வாய் அகன்றது. துண்டின் நடுவில் முள்ளை முழுதும் குத்தி மறுபக்கம் வெளியே எடுங்கள். கால் வட்டம் திருப்புங்கள். கரையில் இருக்கும் புல்தண்டில் ஒரு செ.மீ. கிள்ளி முள்ளின் வளைவில் குறுக்கே வையுங்கள். பிறகு நரம்பைப் பிடித்து மெல்ல இழுத்தால் வளைவு இறைச்சிக்குள் அமிழும், புல்தண்டு தாங்கிக்கொள்ளும், முள் முனை மட்டும் மேல் தோலுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அந்தப் புல்தண்டு இல்லாவிட்டால், எறியும் ஒவ்வொரு தடவையும் முள் இறைச்சியை நெய்யில் கத்தி போல அறுத்துக்கொண்டு வரும். காசு செலவில்லாத பொருள், இருந்தும் பலர் மறக்கும் பொருள்.

நரம்பு நேராக முள்ளுக்கு. நடுவில் சுவிவல் என்ற சுழலும் இணைப்பு வேண்டாம், தனிக் கண்ணி நரம்பு வேண்டாம், முடிச்சு ஒன்றே ஒன்று. சாதாரண ஒற்றை நரம்பு என்றால் 10 பவுண்ட் இழுவை தாங்குவது. பின்னல் நரம்பு மெல்லியது, நீர் அதை அவ்வளவாகத் தள்ளாது, தரையின் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரியும். 20 முதல் 30 பவுண்ட் வரை போடுகிறார்கள். ஆனால் கூரான பாறையிலும் சிப்பியிலும் பின்னல் நரம்பு சட்டென்று அறுபடும், அறுந்தால் முள் மீனின் வாயில் தங்கிவிடும். பாறை நிறைந்த இடத்தில் உணர்ச்சி கொஞ்சம் குறைந்தாலும் ஒற்றை நரம்பே மேல். எதுவானாலும் பத்து எறிதலுக்கு ஒரு முறை கடைசி ஒரு மீட்டரை நகத்தில் உரசிப் பாருங்கள். சொரசொரத்தால் யோசிக்காமல் வெட்டி மறுபடி கட்டுங்கள். சில மீன்பிடிப்பகுதிகளில் பின்னல் நரம்புக்கும் கொக்கிச் செதில் உள்ள முள்ளுக்கும் தடை உண்டு, அனுமதிச் சீட்டு வாங்கும்போதே விதியைப் படித்துவிடுங்கள்.

குண்டு இல்லாமல் உருட்டுவது கஷ்டம் என்று சொல்பவர்களின் உண்மையான சிக்கல் நரம்பில்தான். இரை இருப்பது மெதுவான அடிநீரில், நரம்பு கிடப்பது வேகமான மேல்நீரில். நரம்பு வில்லாக வளைந்து முன்னால் ஓடி இரையை இழுக்கிறது, இரை தரையை விட்டு எழும்புகிறது. அதைச் சரிசெய்யக் குண்டு போடுவது, தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுவது. கம்பு 11, 12 அடி இருக்கட்டும். குறுக்கே, ஓட்டம் வரும் பக்கம் சற்றுத் தள்ளி எறியுங்கள். விழுந்தவுடன் கம்பு நுனியைத் தூக்கி, நீரில் கிடக்கும் நரம்பை ஓட்டம் வரும் பக்கமாகப் புரட்டிப் போடுங்கள். இரை உங்களை நோக்கி வரும்வரை தொய்வைச் சுற்றுங்கள், இறுக்காதீர்கள். எதிரே வந்ததும் நுனி உயரத்தில் இருக்கட்டும், நீரைத் தொடும் நரம்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கடந்து போகும்போது நுனியைத் தாழ்த்திக்கொண்டே நரம்பை விட்டுக்கொடுங்கள். அச்சில் தடையின்றிச் சுழலும் சென்டர்பின் ரீல் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் சுகம் அதிகம், பெருவிரல் ஒன்றே பிரேக்.

கடைசியில் இரை வளைந்து உங்கள் பக்கக் கரைக்கு வரும். அவசரப்பட்டுச் சுற்றாதீர்கள். ஓட்டம் தணியும் அந்த விளிம்பில் பார்பல் நிற்கும், பின்னாலேயே வந்த மீனும் அங்கேதான் வாய் வைக்கும். அடுத்த எறிதல் ஒரு அடி தள்ளி. இப்படி ஓட்டம் முழுவதையும் பட்டை பட்டையாகத் துழாவிவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும்.

நரம்பை ஆள்காட்டி விரலின் மேல் விடுங்கள். கல் தட்டுவது வறண்ட ஓசை போல: டக், இடைவெளி, டக் டக். பாசியில் ஏறினால் மெத்தென்று கனக்கும், கொஞ்சம் தூக்கினால் இழுபட்டு வரும். மீன் எடுத்தால் மூன்று விதமாகத் தெரியலாம். விரலில் ஒரு நடுக்கம். அல்லது இரை நின்றுவிட்டு, அந்த நிற்றலில் ஒரு உயிர் இருக்கும். அல்லது நரம்பு ஓட்டத்தைவிட வேகமாகப் போகும். இரண்டாவதைத்தான் எல்லாரும் கல் என்று நினைத்துக் கோட்டை விடுகிறார்கள். சந்தேகம் வந்தால் சுண்டுங்கள். நேர் மேலே வெடுக்கென்று வேண்டாம், பக்கவாட்டில் நீளமாக ஒரே வீச்சு. நரம்பின் வளைவை அதுதான் நிமிர்த்தும்.

ஒரு பக்கம் நீண்ட இறைச்சியைச் சுற்றி இழுக்கும்போது அது சுழன்று நரம்பை முறுக்கிவிடும். அடுத்த எறிதலில் நரம்பு சுருள் சுருளாகக் கழன்று விழும். ஓட்டம் முடிந்ததும் ஒரு உதறலில் இறைச்சியைக் கழற்றிவிட்டுச் சுற்றினாலே தீர்ந்தது. முறுக்கு ஏறியிருந்தால் முள்ளை வெட்டிவிட்டு வெறும் நரம்பை ஓட்டத்தில் நீள விடுங்கள், தானே பிரியும். இரை கழன்று போனது தெரியாமல் வெறும் முள்ளை உருட்டிக்கொண்டிருப்பதும் அடிக்கடி நடக்கும். அப்போது தட்டல் கூர்மையாக, ஊசி குத்துவது போல மாறும். அந்த வித்தியாசத்தை விரல் பழகிக்கொள்ள வேண்டும்.

இந்த முறை எல்லா ஆற்றுக்கும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டார்செட் ஸ்டவர், ஹாம்ப்‌ஷயர் ஏவன், வை, ஸ்வேல் போன்ற ஆறுகளில் இடுப்பளவுச் சரளை ஓட்டங்கள் இதற்கென்றே இருப்பவை. ஆழமும் அகலமும் கூடிய டிரென்ட்டின் கீழ்ப்பகுதியில் குண்டு போட்டு ஓரிடத்தில் நிறுத்துவதே நடக்கும். நீர் 8 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் பார்பல் அசைந்து வந்து தின்னாது, அன்றைக்கும் நிற்கும் இரைதான். இலையும் சருகும் அடித்துவரும் புதுவெள்ளத்தில் உருட்டினால் முள்ளில் குப்பைதான் சேரும்.

நீரில் இறங்கி நிற்பவர்களுக்கு ஒன்று. நீரின் கூச்சத்தைத் தடுக்கும் போலரைஸ்டு கண்ணாடியும் ஊன்றுகோலும் இல்லாமல் இறங்காதீர்கள், இடுப்புக்கு மேல் போகாதீர்கள். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இங்கிலாந்து ஆறுகளில் பார்பல் போன்ற மீன்களைப் பிடிக்கத் தடை. ஆனால் பார்பல் நாள்காட்டி பார்த்து முட்டையிடுவதில்லை. ஜூன் கடைசியிலும் ஆழமில்லாத சரளையில் மீன்கள் கூட்டமாகப் புரள்வதைப் பார்த்தால் அந்தச் சரளையில் கால் வைக்காதீர்கள், முட்டைகள் கல்லிடுக்கில் இருக்கின்றன. லண்டனிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கும் நம்மவர்கள் குழம்புக்கு ஆகுமா என்று கேட்பது சகஜம். 20 செ.மீ.க்கு மேற்பட்ட பார்பலை எடுத்துப் போகச் சட்டம் விடாது, சினையோ நஞ்சு. எல்லாம் திரும்ப ஆற்றுக்கே. 13 வயது நிரம்பிய எல்லாருக்கும் மீன்பிடி உரிமம் கட்டாயம், 16 வயது வரை அது இலவசம்.

விடும் முறையும் முக்கியம். பார்பல் தன் முழுபலத்தையும் கொட்டிப் போராடும் மீன், கரை சேரும்போது அதனிடம் மிச்சம் எதுவும் இருக்காது. வலைக்குள்ளேயே, நீரிலேயே முள்ளை எடுங்கள். கூட்டுவலையில் போட்டு வைக்காதீர்கள், முதுகுத்துடுப்பின் முதல் முள் ரம்பம் போன்றது, வலையில் சிக்கிக் கிழிந்துவிடும். தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்து, வாலடியில் ஒரு கை, வயிற்றின் கீழ் ஒரு கை கொடுத்துப் பிடித்திருங்கள். ஐந்து நிமிடம் ஆகலாம், பத்தும் ஆகலாம். செவுள் சீராக அடிக்க ஆரம்பித்து, வால் கையைத் தள்ளும்போது மட்டும் விடுங்கள். கோடையில் நீர் 21, 22 டிகிரியைத் தாண்டினால் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடும், விட்ட மீனும் கீழே போய்ச் சாகக்கூடும். அன்றைக்குக் கம்பை மடக்கி வைத்துவிடுங்கள்.

அடுத்த ஜூன் 16-க்கு ஆற்றுக்குப் போகிறவர்கள் முதல் அரை மணி நேரம் பெட்டியில் இருக்கும் குண்டுகளைத் தொடாமல், முள்ளும் இறைச்சியும் மட்டும் போட்டு முழங்கால் நீரில் உருட்டிப் பாருங்கள். இரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே போதும். அது எங்கே நிற்கிறது, நரம்பை எவ்வளவு விட்டால் மறுபடி கிளம்புகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு ஆழத்துக்குப் போங்கள்.