1 யோவான் 1:9-இல் ‘மட்டும்’ என்ற சொல்லே இல்லை
“பாவத்தைக் கடவுளிடம் மட்டும்தான் சொல்லணும், சக விசுவாசியிடம் சொல்வது வேதத்துக்கு விரோதம்” என்று ஒருவர் பைபிளின் 1 யோவான் 1:9-ஐ (நம் பாவங்களை அறிக்கையிட்டால், அதாவது ஒத்துக்கொண்டு சொன்னால், கடவுள் மன்னிப்பார் என்ற வசனம்) ஆதாரமாகக் காட்டியிருக்கிறார். அந்த வசனத்தில் ‘மட்டும்’ கிடையாது, நாமாகச் சேர்த்துக்கொண்டது. யாக்கோபு 5:16 நேராகவே “உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு” என்கிறது. அங்கே போதகர், மூப்பர் என்று பிரிக்கவில்லை. ‘ஒருவருக்கொருவர்’, அதாவது இரண்டு பக்கமும்.

அப்புறம், பலவீனத்தைக் காட்டினால் விசுவாசக் குறைவு என்று சிலர் சொல்வதும் சரியில்லை. சிலுவைக்கு முந்தின இரவு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தில் “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது” என்று இயேசுவே சொன்னார். ஆனால் யாரிடம்? பேதுரு, யாக்கோபு, யோவான் மூன்று பேரிடம்தான். (அவர்களும் தூங்கிவிட்டார்கள், அது வேறு கதை.) மற்ற சீஷர்களைத் தள்ளியே உட்காரச் சொன்னார். அதனால் சபை நடுவே மைக் பிடித்து எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்றும் இதற்கு அர்த்தமில்லை.