அரபு எழுத்து இருந்தால் அது ஜார்ஜியக் காசு இல்லையாம்

நேற்று போட்ட, 12-ஆம் நூற்றாண்டு ஜார்ஜிய அரசன் மூன்றாம் கியோர்கியின் செப்புக்காசுப் படத்துக்குக் கீழே நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். "பின்னாடி அரபு, முன்னாடி பைசாந்திய கிரீடம், எல்லாம் இரவல். இதுல ஜார்ஜியா எங்கே?" கூடவே மூன்று சிரிப்பு ஸ்மைலி.

எங்கேயா? அரசன் இருக்கும் பக்கத்தில் மூன்று ஜார்ஜிய எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. டாரி 300, ஷானி 90, தோனி 4 (நம்ம ஆள் இல்லை). மொத்தம் 394. ஜார்ஜியர்களின் கொரோனிகான் என்ற ஆண்டுக் கணக்கு கி.பி. 780-இல் தொடங்குகிறது. கூட்டினால் 1174, காசு அடித்த ஆண்டு. இந்தக் கூட்டலைக்கூடச் செய்யாமல்தான் தீர்ப்பு.

இரவல் இல்லை, தேர்வு. அரசன் தலையில் முத்துச்சரம் தொங்கும் பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) முடி. உட்கார்ந்திருப்பதோ கீழைநாட்டுச் சுல்தான்போல சம்மணமிட்டு, கையில் வல்லூறு. பின்பக்க அரபியில் "மன்னர் மன்னன், தெமெத்ரே மகன் கியோர்கி, மெசியாவின் வாள்". பட்டத்தின் வார்ப்பு இஸ்லாமிய அரசர்களுடையது, உள்ளே ஊற்றியது கிறிஸ்தவம். கியோர்கியின் மகள் தாமார் அரசியின் 1187 காசிலும் இதே கதை: "உலகுக்கும் மதத்துக்கும் பெருமை" என்று செல்ஜூக் (அன்றைய துருக்கிய முஸ்லிம் அரசர்கள்) பாணியில் தொடங்கி, "மெசியாவின் துணை" என்று போகிறது. அண்டை நாட்டு வணிகனும் படிக்கட்டும் என்று அடித்த காசு, சார். இரவல் இல்லை.

"செல்ஜூக்குகளுக்குப் பயந்து அரபு போட்டார்கள்" என்பீர்கள். அப்பா தெமெத்ரேயின் காசுகளில் கலீபா பெயரும் சுல்தான் பெயரும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். 1174 காசில் அந்தப் பெயர்கள் எங்கே? தேடிச் சொல்லுங்கள்.

"வெள்ளிக்கு வக்கில்லாத நாடு." அன்றைக்கு அண்மைக் கிழக்கு முழுக்கவே வெள்ளித் தட்டுப்பாடு. இன்றைய தென்கிழக்குத் துருக்கிப் பக்கம் ஆண்ட ஆர்த்துகித் அரசர்களும் உருவம் போட்ட பெரிய செப்புக்காசுதான் அடித்தார்கள். ஜார்ஜியாவில் தாமாரின் மகள் ருசுதான் அரசி 1230-இல் மறுபடி வெள்ளி அடித்தாள், கிறிஸ்து உருவத்தோடு. போதுமா?

"கோணல்மாணல் தகடு, பாதி எழுத்து இல்லை, போலி." இதுதான் உச்சம். தாமார் காலச் செப்பு அப்படித்தான் இருக்கும். வட்டம் கிடையாது, ஒரே எடை கிடையாது. அச்சைவிடத் தகடு சிறியதென்றால் ஓர எழுத்து வெளியே போகும். மேலே குத்திய சிறு முத்திரைகள் பழுதில்லை, புழக்கத்தின் அடையாளம். எல்லாக் காசும் ஒரே எடையில், ஒரே ஓரத்தில், ஒரே இடத்தில் குத்து விழுந்து வந்தால் அப்போது சந்தேகப்படுங்கள்.

இன்னொருவர் "புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று தெரியும்" என்கிறார். ஐயா, அது குத்துவிளக்கு இல்லை. அமிலம் பட்டால் பச்சைப் படலத்தோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் எடுங்கள். பிறகு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் படம் எடுங்கள், எழுத்து தானே எழும்பும்.

கலப்பு என்றாலே கேவலம் என்று நினைப்பவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? அந்த மூன்று ஸ்மைலியை நான் அழிக்கவில்லை. டாரி, ஷானி, தோனிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.