பாதி அறுத்த வேலி

வேலி மாற்ற மூன்று வாரமாக அலைகிறேன். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் தரை வீட்டுக் கம்பி வேலி, தூரத்தில் இருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. குனிந்து தூணின் அடியைப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். சிமெண்டும் இரும்பும் சேரும் இடத்தில் மழைநீர் தேங்கித் தேங்கி, தொட்டாலே அப்பளம் போல உதிர்கிறது. சிமெண்டைத் தூணைச் சுற்றிக் கொஞ்சம் சரிவாகப் பூசியிருந்தால் தண்ணீர் வழிந்து ஓடியிருக்கும். அந்தக் காலத்தில் போட்ட புண்ணியவான் குழியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

துபாயில் இருக்கும் தம்பி, "மரப்பலகை போடுண்ணே, அழகா இருக்கும்" என்கிறான். அவனுக்கென்ன? அங்கே வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிது. மரம் வெயிலில் காய்ந்து வெடிக்கும், அவ்வளவுதான். இங்கே 2,000க்கு மேல் கொட்டுகிறது. மரம் வைத்தால் கரையானுக்குப் பந்தி விரித்த மாதிரி.

சரி, துத்தநாகம் பூசிய தூணே போடலாம் என்று ஒருவரை அழைத்தேன். வந்தார், அளந்தார், 500 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் வாங்கினார், பழைய வேலியைப் பாதி அறுத்தார். "நாளைக்கு வர்றேண்ணே." எந்த நாளை என்று சொல்லவில்லை. போன் அடித்தால் "மழைண்ணே" என்கிறார். நேற்று மண்டை பிளக்கும் வெயில்!

இதற்கிடையில் அந்த ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக் கோழிகள் வந்து கறிவேப்பிலைக் கன்றின் வேரைக் கிளறுகின்றன. மனைவி என்னைப் பார்க்கிற பார்வையில், கோழிகளைக் கூட்டி வந்ததே நான்தான்.