வெருகலாற்றங்கரையில் உடைந்த போத்தல்கள்

கச்சான் காற்று வீசும் ஆவணி விடுமுறையில், அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இலங்கையின் கிழக்கிலுள்ள வெருகலாற்றங்கரை மருத மர நிழலில் ஆறுதலாக நடக்கலாம் என்று போனால், ஆற்றைப் பார்க்க முடியாமல் காலடியையே பார்த்து நடக்க வேண்டியிருக்கிறது. வேர் இடுக்கெல்லாம் உடைந்த பியர்ப் போத்தல்கள். மீன்முள் ஒட்டி எறும்பு மொய்க்கும் லஞ்ச் சீட்டுகள், அதாவது சோறு சுற்றும் மெல்லிய பொலித்தீன் தாள்கள். இந்த லஞ்ச் சீட்டு 2017 செப்டெம்பரிலேயே தடை செய்யப்பட்டது! 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலியின் கிளையாறு இது. இங்கே எறிவதெல்லாம் மாரி வெள்ளத்தோடு கடலுக்குத்தான் போகும். ஆற்றங்கரையில் சமைத்துச் சாப்பிடுவதில் யாருக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் நிறைத்துக்கொண்டு வந்த போத்தலை வெறும் போத்தலாகத் திருப்பிக் கொண்டுபோக மட்டும் ஏன் மனம் வருவதில்லை? முழங்காலளவு தெளிந்த தண்ணீரில்கூடச் செருப்பில்லாமல் இறங்காதே என்று பிள்ளைகளை அதட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.