ரொம்ப ஈஸியாம் இந்த முடிச்சு!

'தூண்டில் நரம்பின் நுனியில் வளையம் விடுகிற கண்ணி முடிச்சு ரொம்ப ஈஸி, குழந்தைகூடப் போட்டுவிடும்' என்று காணொளி போடும் மகராசர்களே, அந்தக் குழந்தையைக் கொஞ்சம் இங்கே அனுப்பி வையுங்கள். எனக்கு ஆள் தேவைப்படுகிறது.

இன்றைக்கும் அதே கூத்துதான். நரம்பை இரட்டையாக மடி என்றார் காணொளிக்காரர், மடித்தேன். ஒரு சாதாரண முடிச்சு போட்டு, இறுக்காமல், மடிப்பு முனையை அதே ஓட்டைக்குள் இன்னொரு தரம் நுழை என்றார். அவருக்கென்ன, கையில் இருப்பது சுண்டுவிரல் தடிமனுக்குச் சிவப்புக் கயிறு! என்னிடம் இருப்பது 0.25 மில்லிமீட்டர் நைலான் நரம்பு. கண்ணுக்கே தெரியவில்லை; பார்ப்பவர்கள் நான் காற்றைப் பின்னுகிறேன் என்றுதான் நினைப்பார்கள். அதுவும் ஸ்பூலிலேயே சுருண்டு கிடந்து பழகிய ஜென்மம். மடித்தால் மடியாது, விட்டால் சுருண்டுகொள்ளும். இரண்டாவது சுற்றுக்கு ஓட்டையைத் தேடுவதற்குள் முதல் சுற்று அவிழ்ந்து போயிருக்கும்.

சரி, பல்லைக் கடித்துக்கொண்டு நுழைத்தாயிற்று. இனிமேல்தான் முக்கியமான கட்டம். நம்மாள் என்ன செய்கிறார்? கையைத் திருப்புகிறார். திரை முழுக்கப் புறங்கை. 'அப்படியே இழுத்தால் முடிந்தது.' எதை ஐயா இழுப்பது? கண்ணி ஒரு கையில், தாய் நரம்பும் (ஸ்பூலிலிருந்து வருவது) வால் முனையும் (மிச்சமிருக்கும் நுனி) சேர்ந்து மறு கையில் என்று சொன்னால் வாய் வலிக்குமா? இழுப்பதற்கு முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும், இல்லையென்றால் உரசுகிற சூட்டிலேயே நைலான் பலம் இழந்துவிடும். அந்த ஒரு உருப்படியான விஷயத்தைத்தான் பாட்டுப் போட்டு வேகமாக ஓட்டுகிறார். மணி பட்டனை அழுத்தச் சொல்லும்போது மட்டும் அப்படி ஒரு நிதானம்!

நனைத்து இழுத்தேன். கண்ணி வந்தது, என் தலையே நுழையும் அளவுக்கு. அவிழ்க்க முடியாது, வெட்டித்தான் எறிய வேண்டும். அடுத்தது ஸ்விவல்கூட (நரம்பு முறுக்காமல் இருக்க மாட்டுகிற சுழல் வளையம்) நுழையாத கண்ணி. அதற்கடுத்தது பார்க்க லட்சணமாக இருந்தது. 'வாலை ஒட்ட நறுக்குங்கள்' என்றார், நறுக்கினேன். தண்ணீரில் போட்டதும் ஒரே இழுப்பு. தூக்கினால் தூண்டில் முள்ளும் இல்லை, மீனும் இல்லை, நரம்பின் நுனி மட்டும் பன்றிவால் மாதிரி சுருண்டு நிற்கிறது. அறுந்திருந்தால் அப்படிச் சுருளாது, முடிச்சு நழுவியிருக்கிறது! ஒட்ட நறுக்கச் சொன்ன அந்தப் புண்ணியவானை இப்போது எங்கே போய்த் தேட?

அப்புறம், நறுக்கு நறுக்கு என்கிறார்களே, எதை வைத்து நறுக்குவதாம்? வீட்டில் வாங்கி வைக்கிற நகவெட்டியெல்லாம் எங்கேதான் போகிறது? யார் எடுக்கிறீர்கள்? எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்க மாட்டீர்களா?